மரச்சட்டகச் சுவரில் குளிர், ஈரம், பூசணம்: அறிகுறியை வைத்துக் காரணம் தேடுவது

குளிர்நாட்டு வீட்டுச் சுவர் சில்லென்று இருந்தால் "இன்னும் கொஞ்சம் இன்சுலேஷன் திணிக்கலாமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. மரச்சட்டகச் சுவரைக் கெடுப்பவை நான்கு. முதலில் மழைநீர். அடுத்தது சுவருக்குள் புகும் வீட்டுக் காற்று. மூன்றாவது, பொருள்களின் ஊடே மெல்லப் பரவும் நீராவி. வெப்ப இழப்பு கடைசி. முதல் இரண்டையும் அடைக்காமல் இன்சுலேஷனை மட்டும் கூட்டினால் வெளிப்பலகை முன்பைவிடக் குளிர்ந்து போகும். நனைந்தால் காய்வதற்கும் முன்பைவிட நாளாகும். அதனால் எதையும் பிரிப்பதற்கு முன் அந்த அறிகுறி எப்போது வருகிறது என்று கவனியுங்கள். மழை பெய்த மறுநாளா, கடுங்குளிர் நடக்கும்போதா, குளிர் விட்ட முதல் நாளா, நடுக்கோடையிலா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

கீழே வரும் கணக்குகள், வேறு சுவர் என்று சொல்லாத இடங்களில், ஒரே சுவரை வைத்துச் சொன்னவை. உள்ளே 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு, அதன் பின்னால் நீராவித் தடுப்பு, பிறகு செங்குத்தாக நிற்கும் 38×140 மி.மீ. ஸ்டட் கட்டைகள். கட்டைகளுக்கு நடுவே ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), கிளாஸ்வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு), செல்லுலோஸ் (காகித நார்) இவற்றில் ஏதாவது ஒன்று. அதற்கு வெளியே 11 மி.மீ. ஓஎஸ்பி பலகை (மரச்சில்லுகளை ஒட்டி அழுத்தியது; வெளிப்பலகை, பலகை என்று சொல்வது இதைத்தான்), நீரைத் தடுத்து நீராவியை விடும் மெம்பிரேன் தாள், 19 மி.மீ. ரீப்பர் அடித்த காற்றிடைவெளி, கடைசியில் வெளி உறை.

கையில் இருக்க வேண்டியவை

ஈரப்பதமானி, மரத்தில் குத்திப் பார்க்கும் ஈரமானி, அகச்சிவப்பு வெப்பமானி, ஊதுபத்தி, டார்ச். அகச்சிவப்பு கேமரா வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. உள்ளுக்கும் வெளிக்கும் குறைந்தது 10 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, வெயில் பட்ட சூடு சுவரிலிருந்து இறங்கிய பிறகு, அதாவது விடியற்காலையில் படம் எடுங்கள்.

ஈரமானி பொய் சொல்லும் இடங்கள் இரண்டு. குளிர்ந்த மரத்தில் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். உறைந்த மரத்தில் காட்டும் எண்ணை நம்பவே கூடாது. ஓஎஸ்பி, ப்ளைவுட் பலகைகளுக்குத் திருத்தம் தனி, மானியோடு வரும் அட்டவணையைப் பாருங்கள். திருத்திய எண் 19 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 20ஐத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் பூசணம் வரும். 28 சதவீதத்தை நெருங்கினால் மரத்தை உளுக்கும் பூஞ்சைக்கு வழி திறந்துவிட்டது என்று பொருள்.

பனிநிலைக் கணக்கு, அதாவது காற்றிலுள்ள நீராவி எந்த வெப்பநிலையில் நீராகப் படியும் என்ற கணக்கு, அடிக்கடி தேவைப்படும். வீட்டுக்குள் 21 டிகிரி இருக்கையில் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் 3 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பில் நீர் படியும். 40 சதவீதம் என்றால் 7 டிகிரியில். 50 சதவீதம் என்றால் 10 டிகிரியில். பூசணத்துக்கு நீர் படியும் வரை பொறுமை கிடையாது. பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நீண்ட நாள் 80 சதவீதத்தில் நின்றாலே அதற்குப் போதும். 40 சதவீத ஈரமுள்ள வீட்டில் சுவரின் உட்பரப்பு 10 டிகிரிக்குக் கீழே போனாலே அந்த நிலை வந்துவிடும்.

உட்சுவரில் செங்குத்தாகக் கருப்புப் பட்டைகள்

பட்டைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். 400 அல்லது 600 மி.மீ. வந்தால் அவை ஸ்டட் கட்டைகளின் மேல் விழுந்தவை. ஈரத்துணியால் துடைத்ததும் போய்விட்டால் அது தூசியும் புகைக்கரியும், பூசணம் அல்ல. கட்டை நிற்கும் இடம் மற்ற இடத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி குளிர்ந்திருப்பதால் தூசி அங்கே படிகிறது. ஸ்க்ரூ தலைகள் மேல் வட்ட வட்டமாகக் கருப்புப் புள்ளிகள் விழுவதும் இதனால்தான். மெழுகுவத்தி அடிக்கடி ஏற்றும் வீட்டில் சீக்கிரம் தெரியும்.

சுவருக்கு இதனால் ஆபத்து இல்லை. ஆனால் மரத்தின் வழியே எவ்வளவு வெப்பம் ஓடுகிறது என்பதை இது கண்முன்னே வரைந்து காட்டுகிறது. ஸ்டட், மேல்கட்டை, அடிக்கட்டை, ஜன்னல் மேலுத்தரம், மூலைக் கட்டைகள் எல்லாம் சேர்ந்து சுவர்ப் பரப்பில் கால்வாசி மரம்தான். 140 மி.மீ. மரத்தின் வெப்பத்தடை சுமார் 1.2 (சதுர மீட்டர் கெல்வின்/வாட்; எண் கூடினால் வெப்பம் குறைவாக ஓடும்). அதே தடிமன் ராக்வூலுக்கு 3.7. போர்டு, பலகை, பரப்புக் காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் முழுச் சுவருக்கும் ஏறக்குறைய 3.0தான் தேறும். கட்டைகளுக்கு நடுவே எத்தனை உயர்ந்த ரகம் வைத்தாலும் மரம் மரமாகவே நிற்கிறது. கட்டைகளுக்கு வெளியே, இடைவெளி விடாமல் 50 மி.மீ. ராக்வூல் போர்டு அடித்தால் 3.0 என்பது 4.4 ஆகும்; பட்டைகளும் மறையும். அந்த வேலைக்கு ஸ்க்ரூ நீளம்: ரீப்பர் 19, போர்டு 50, பலகை 11, கட்டைக்குள் 38, ஆக 118. 120 மி.மீ. ஸ்க்ரூ வாங்குங்கள். பலகையில் மட்டும் பிடித்த ஸ்க்ரூ வெளி உறையின் எடையைத் தாங்காது, கட்டையில் இறங்கியே ஆக வேண்டும்.

வெளிமூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் பூசணம்

துடைத்தால் போகாமல் மறுபடி வந்தால் பூசணம்தான். அகச்சிவப்பு வெப்பமானியால் அந்த மூலையையும், ஒரு மீட்டர் தள்ளிச் சுவரின் நடுவையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சுவரில் குற்றம் இல்லை. வீட்டில் ஈரம் அதிகம். குளியலறை, சமையலறை விசிறிகள் காற்றை உண்மையிலேயே வெளியே தள்ளுகின்றனவா, இல்லை பரணில் கொட்டுகின்றனவா என்று பாருங்கள். வெளியே -20 டிகிரி இருக்கும்போது உள்ளே 30 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வைப்பது சுவருக்கும் ஜன்னலுக்கும் நல்லதல்ல.

மூலை மட்டும் நாலைந்து டிகிரி குளிர்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் சட்டகத்தில். பழைய முறையில் மூலைக்கு மூன்று நான்கு கட்டைகளைப் பெட்டிபோல் சேர்த்து அடிப்பார்கள். நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கும். வெளிப்பலகை அடித்துவிட்டால் அதற்குள் எதையும் வைக்க முடியாது என்பதால் அது வெறுமையாகவே மூடப்படும். வெளி உறையைக் கழற்றும் வாய்ப்பு வரும்போது பலகையில் 50 மி.மீ. துளைகள் போட்டு அந்தப் பெட்டிக்குள் செல்லுலோஸை இறுக்கி ஊதி, துளையை மூடி டேப் ஒட்டுங்கள். புதுக் கட்டடத்தில் இரண்டு கட்டை மூலை போதும். போர்டின் விளிம்பைப் பிடிக்கக் கிளிப் வைத்துக்கொள்ளலாம்.

காற்றடிக்கும் நாளில் மட்டும் மூலை குளிர்ந்தால் கதை வேறு. வெளிக்காற்று மெம்பிரேனின் ஒட்டாத மடிப்பு வழியாகப் புகுந்து, ராக்வூலின் ஊடே ஓடி, இன்னொரு பக்கம் வெளியேறுகிறது. மூலையில் மெம்பிரேனை மடித்துச் சுற்றி டேப் ஒட்டினால் தீரும்.

அலமாரியைச் சுவரிலிருந்து 50 மி.மீ. நகர்த்துவது சிகிச்சையின் ஒரு பகுதிதான். அறைச்சூடு சுவரைத் தொடாவிட்டால் நல்ல சுவரும் குளிரும்.

ஸ்விட்ச் பெட்டி, ஸ்கர்டிங் ஓரத்தில் சில்லென்று காற்று

வீட்டின் வெளியேற்று விசிறிகள் அனைத்தையும் ஓடவிட்டு, ஜன்னல்களைச் சாத்தி, ஊதுபத்தியைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடியுங்கள். புகை அறைப்பக்கம் தள்ளப்பட்டால் அங்கே ஓட்டை. கதவில் மாட்டும் விசிறிச் சோதனை செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். 50 பாஸ்கல் அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை வீட்டுக் காற்று மாறுகிறது என்பது அதன் அளவு. எண் குறைந்தால் வீடு இறுக்கம். மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்கான பாஸிவ் ஹவுஸ் தரத்துக்கு 0.6, கனடாவின் ஆர்-2000 வீட்டுத் தரத்துக்கு 1.5.

பிளாஸ்டிக் முகப்புக்குப் பின்னால் நுரை கேஸ்கெட் வைப்பது தற்காலிகம். சரியான வழி இது: மின்சாரத்தை நிறுத்தி, முகப்பைக் கழற்றி, பெட்டிக்கும் ஜிப்சம் போர்டுக்கும் நடுவே உள்ள இடுக்கைச் சீலன்ட் (அடைப்புப் பசை) கொண்டு அடையுங்கள், வயர் பெட்டிக்குள் நுழையும் துளைகளையும் அடையுங்கள். ஸ்கர்டிங்கைக் கழற்றினால் போர்டின் அடிவிளிம்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு பிளவு தெரியும். அடிக்கட்டைக்கும் தரைப்பலகைக்கும் நடுவே இன்னொன்று. இரண்டையும் சீலன்டால் மூடிவிட்டு ஸ்கர்டிங்கைத் திருப்பி அடியுங்கள்.

புதிதாகக் கட்டுவோருக்கு இந்தத் தொல்லையை வேரோடு அறுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. நீராவித் தடுப்பின் உட்பக்கம் 38 மி.மீ. ரீப்பர் அடித்து, வயர், பெட்டி, குழாய் எல்லாவற்றையும் அந்த இடைவெளியிலேயே ஓட்டுவது. தடுப்பில் ஒரு துளைகூட விழாது. அந்த இடைவெளியிலும் இன்சுலேஷன் வைப்பதானால், மொத்த வெப்பத்தடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தடுப்பின் உட்பக்கம் வரக் கூடாது. கடுங்குளிர்ப் பகுதியில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை இறுக்கமாக அடைத்த பிறகு ஒரு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. புகைபோக்கி வைத்த வாட்டர் ஹீட்டர், விறகு அடுப்பு இருந்தால், எல்லா வெளியேற்று விசிறிகளும் ஓடும்போது அவற்றின் புகை வெளியேதான் போகிறதா என்று சோதியுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

கடுங்குளிர் விட்ட முதல் இளஞ்சூட்டு நாளில் ஸ்கர்டிங் ஓரம் நீர் கசிகிறது

மழையே இல்லை. கூரையிலும் குழாயிலும் கசிவு இல்லை. இரண்டு மூன்று வாரம் -20 டிகிரி நின்றது. பிறகு ஒரு நாள் வெயிலோடு பூஜ்யத்துக்கு மேல் போனது. அன்று பிற்பகல் ஜன்னல் தலைப்பிலிருந்தோ ஸ்கர்டிங்கிலிருந்தோ தண்ணீர். வீட்டுக்காரர் கூரைக்காரரை அழைப்பார், அவர் எதையாவது பூசிவிட்டுப் போவார், வெயில் காலம் வந்ததும் கசிவு நிற்கும், பூச்சு வேலை செய்தது என்று எல்லோரும் நம்புவார்கள். அடுத்த குளிரில் அதே கசிவு.

நடப்பது இதுதான். வீட்டுக் காற்று எங்கோ ஓட்டை வழியாகச் சுவருக்குள் போய் வெளிப்பலகையின் உட்பக்கத்தைத் தொடுகிறது. பலகை உறைநிலைக்குக் கீழே இருப்பதால் ஈரம் உறைபனியாகப் படிகிறது. குளிர் நீடிக்க நீடிக்க அது சேர்ந்துகொண்டே போகும், துளி நீரும் வெளியே தெரியாது. குளிர் விட்டதும் மொத்தமும் ஒரே நாளில் உருகி இறங்குகிறது. பொருள்களின் ஊடே பரவும் நீராவியைவிட ஓட்டை வழியாகக் காற்று சுமந்து வரும் நீராவி பல பத்து மடங்கு அதிகம். இதனால்தான் பாலித்தீன் ஷீட் ஒட்டிய சுவரிலும் இது நடக்கிறது. ஷீட் கிழியாமல் இருக்கலாம். மேல்கட்டையிலும் பெட்டிகளைச் சுற்றியும் அதை டேப் போட்டு ஒட்டியிருக்க மாட்டார்கள்.

எங்கே தேடுவது? வீட்டின் மேல்தளத்தில் முதலில். சூடான காற்று மேலே ஏறுவதால் மேல்தளச் சுவர்களில் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் இருக்கும். உள்ளே 21, வெளியே -20, இரண்டு மாடி உயரம் என்றால் உச்சியில் ஏறக்குறைய 4, 5 பாஸ்கல். எண் சிறிது, ஆனால் இரவும் பகலும் மாதக்கணக்கில் ஓயாது. கீழ்த்தளத்தில் காற்று உள்ளே வரும், அதனால் அங்கே குளிர்தான் புகார். மேலே ஈரம்தான் புகார்.

வேலை முறை:

1. கசிவு தெரிந்த இடத்துக்கு நேர்மேலே உள்ள ஓட்டைகளைப் பட்டியலிடுங்கள்: ஸ்விட்ச் பெட்டி, குழாய் நுழைவு, உட்சுவர் வெளிச்சுவரோடு சேரும் இடம், கூரைச் சந்திப்பு.
2. உறைபனி இருக்கும்போதே வெளிப்பக்கத்திலிருந்து உறையின் ஒரு வரிசையைக் கழற்றி, பலகையில் 100 மி.மீ. சதுரம் வெட்டிப் பாருங்கள். உட்பக்கம் வெள்ளையாகப் பனி இருந்தால் சந்தேகமே வேண்டாம். ராக்வூலில் அழுக்குப் பட்டை இருந்தால் காற்று போன பாதை அதுதான். இன்சுலேஷன் வடிகட்டிபோல் தூசியைப் பிடித்து வைத்திருக்கும்.
3. ஓட்டைகளை உள்ளிருந்து அடையுங்கள். வெளியிலிருந்து மட்டும் அடைத்தால் ஈரக்காற்று பலகை வரை வந்து நின்றுவிடும், நிலைமை மோசமாகும்.
4. பலகையைக் குத்தூசியால் குத்துங்கள். ஊசி எளிதாக இறங்கினால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். கறுத்திருந்தும் கெட்டியாக இருந்தால் காய விட்டு, முகக்கவசம் அணிந்து, நுண்தூசியைப் பிடிக்கும் வடிகட்டியுள்ள வாக்குவம் கிளீனரால் துடைத்தால் போதும்.
5. நனைந்த செல்லுலோஸ் கட்டியாகியிருந்தால் எடுத்துவிடுங்கள். ராக்வூல் காய்ந்துவிடும், திரும்பவும் வைக்கலாம்.

ஜன்னலின் கீழ் மூலைகளில் கறை

மழைக்குப் பிறகு வருகிறதா, கடுங்குளிரில் வருகிறதா? கடுங்குளிரில் என்றால் கண்ணாடியில் படிந்த நீர் வழிந்து சட்டத்தில் தேங்குகிறது. வீட்டு ஈரத்தைக் குறையுங்கள், ஜன்னலுக்கும் சட்டகத்துக்கும் நடுவே உள்ள சந்தில் உட்பக்கம் முழுச் சுற்றும் குறைவாக விரியும் நுரை போட்டு அடையுங்கள். அதிகம் விரியும் நுரை சட்டத்தை உள்ளே வளைத்து ஜன்னலைத் திறக்க முடியாமல் செய்யும்.

மழைக்குப் பிறகு என்றால் அடித்தட்டில் கோளாறு. ஜன்னல் கசியும் என்று வைத்துக்கொண்டுதான் திறப்பைத் தயாரிக்க வேண்டும். திறப்பின் அடிக்கட்டை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். அதன் மேல் நீர் புகாத மெம்பிரேன் பக்கங்களில் 150 மி.மீ. வரை ஏறி, முன்புறம் சுவர் மெம்பிரேனின் மேல் விழ வேண்டும். ஜன்னல் விளிம்பின் இரு பக்கமும் தலையும் டேப். அடிவிளிம்புக்கு டேப் கூடாது, உள்ளே வந்த நீர் வெளியேறும் வாசல் அது. நல்ல மனதோடு நாலு பக்கமும் டேப் ஒட்டி அடைத்த ஜன்னல்களின் கீழேதான் உளுத்த பலகை அதிகம் கிடைக்கிறது. தலைப்பில் மழைநீரை வெளியே திருப்பும் ஃபிளாஷிங் தகடு, அதன் மேல்விளிம்பைச் சுவர் மெம்பிரேன் மூட வேண்டும். மேலே இருப்பது கீழே இருப்பதன் மேல் விழ வேண்டும் என்ற ஒரே விதிதான் எல்லா அடுக்குக்கும்.

கேமராவில் குளிர்த் திட்டுகள்

திட்டின் வடிவத்தைப் படியுங்கள். நேர்க்கோடு என்றால் மரம். விளிம்பு தெளிவான செவ்வகம் என்றால் கட்டைகளுக்கு நடுவே இன்சுலேஷனே இல்லாத குழி. இறகுபோல் ஓரம் சிதறி, விசிறி ஓடும்போது பெரிதாகிறது என்றால் காற்று.

சுவரின் மேல்விளிம்பில் ஒரே உயரத்தில் பட்டையாகக் குளிர்ந்தால் செல்லுலோஸ் அமர்ந்துவிட்டது. சுவருக்குள் ஊதும் செல்லுலோஸ் கன மீட்டருக்குக் குறைந்தது 56 கிலோ அடர்த்தியில் இறுக வேண்டும். தடித்த சுவருக்கு 60க்கு மேல். சரிபார்ப்பது எளிது. சுவர்ப் பரப்பைத் தடிமனால் பெருக்கி 60ஆல் பெருக்குங்கள். அத்தனை கிலோ உள்ளே போயிருக்க வேண்டும். 300 மி.மீ. சுவருக்குச் சதுர மீட்டருக்கு 18 கிலோ. காலிப் பைகளை எண்ணினால் ஊதியவர் எவ்வளவு ஊதினார் என்பது தெரிந்துவிடும். குறைந்தால் மேல்கட்டைக்குக் கீழே துளையிட்டு, குழாயை உள்ளே விட்டு, மறுபடி ஊதச் சொல்லுங்கள்.

பழைய வீட்டுச் சுவரில் ஊதுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய வயரிங் இருந்தால் அதைச் சுற்றி இன்சுலேஷன் ஊதக் கூடாது, சூடேறும். உள்ளே மினுமினுக்கும் சிறு துணுக்குகளாக வெர்மிகுலைட் இருந்தால் அதில் கல்நார் கலந்திருக்கலாம். சோதனை முடிவு வரும் வரை கிளறாதீர்கள்.

மெத்தை வடிவ இன்சுலேஷனில் தவறு நடப்பது வயரைச் சுற்றி. வயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் முன்னால் மட்டும் திணிப்பார்கள். மெத்தையைத் தடிமனில் பாதியாகப் பிளந்து, ஒரு பாதியை வயருக்குப் பின்னாலும் மறுபாதியை முன்னாலும் விடுங்கள். 600 மி.மீ. இடைவெளியில் கட்டைகளுக்கு நடுவே உள்ள அகலம் 562. ராக்வூலை அதைவிட 10 மி.மீ. கூடுதலாக வெட்டினால் தானே பிடித்து நிற்கும். 140 மி.மீ. குழிக்குள் 180 மி.மீ. மெத்தையை அமுக்கினால் 180க்கு உரிய தடை கிடைக்காது.

மேல்தள வெளிச்சுவரில் பெயின்ட் உரிகிறது

கீழ்த்தளத்தில் நன்றாக இருந்து மேலே மட்டும் உரிந்தால் மேலே சொன்ன காற்றழுத்தம்தான் காரணம். எல்லாத் தளத்திலும், மழை அடிக்கும் பக்கத்தில் மட்டும் என்றால் உறைக்குப் பின்னால் காற்றிடைவெளி இல்லை. மறு பெயின்ட் ஓரிரு ஆண்டில் மீண்டும் உரியும். உறையைக் கழற்றி 19 மி.மீ. ரீப்பர் வைத்து, அடியிலும் தலையிலும் திறந்துவிட்டு, பூச்சி வராமல் வலை அடித்து, உறைப்பலகையின் பின்பக்கத்துக்கும் பெயின்ட் பூசி மாட்டுங்கள்.

கோடையில் பாலித்தீன் ஷீட்டின் பின்பக்கம் ஈரம்

ஏ.சி. ஓடும் வீடு, செங்கல் முகப்பு. மழையில் நனைந்த செங்கல் மேல் வெயில் அடிக்கையில் நீராவி உள்நோக்கி ஓடி, குளிர்ந்த ஷீட்டின் முதுகில் படிகிறது. ஷீட் அதை உள்ளே காய விடாது. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஈரத்துக்கேற்ப மாறும் மெம்பிரேன் நல்லது. உலர்ந்த நிலையில் 1 பெர்முக்குக் கீழே, ஈரமான நிலையில் 10க்கு மேல் நீராவி விடும் ரகம் (பெர்ம் என்பது ஒரு பொருள் எவ்வளவு நீராவியை ஊடே விடுகிறது என்பதன் அலகு). 0.15 மி.மீ. பாலித்தீனின் அளவு எந்த நிலையிலும் 0.06 பெர்முதான்.

தரை ஓரம் பாதத்தில் குளிர்

தளத்தின் விளிம்பு உத்தரம் ஓடும் இடத்தில் மெத்தையை மட்டும் செருகியிருப்பார்கள். வீட்டுக் காற்று அதன் ஊடே போய், அதிலுள்ள ஈரம் உத்தரத்தில் பனியாகும். மெத்தையை எடுத்துவிட்டு, 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பாலிஸ்டைரீன் நுரைப்பலகை) துண்டுகளை ஒவ்வொரு குழிக்கும் 10 மி.மீ. குறைத்து வெட்டிப் பொருத்தி, சுற்றிலும் நுரை போடுங்கள். அதன் மேல் ராக்வூல் வைக்கலாம். துண்டு துண்டாக வெட்ட அலுப்பாக இருந்தால் மூடிய நுண்ணறை ஸ்ப்ரே ஃபோம் 50 மி.மீ. அதே வேலையைச் செய்யும்.

வெளியே நுரைப்பலகை அடித்த பிறகு ஓஎஸ்பி நனைகிறது

வெளியே 25 மி.மீ. நுரைப்பலகை அடித்தால் சுவர் மேம்படும் என்று நினைப்பது இயல்பு. மெல்லிய நுரையில்தான் ஆபத்து: பலகை வெளிப்பக்கம் காய முடியாது, உறையாமல் காக்கும் அளவுக்குச் சூடும் ஆகாது. உள்ளே பாலித்தீனும் இருந்தால் இரண்டு பக்கமும் அடைபட்டது.

பலகையின் வெப்பநிலையைக் கணக்கிடலாம். வெளி வெப்பநிலையோடு, உள்வெளி வித்தியாசத்தைப் பலகைக்கு வெளியே உள்ள தடையால் பெருக்கி மொத்தத் தடையால் வகுத்து வருவதைக் கூட்டுங்கள். வெளியே மாதச் சராசரி -10, உள்ளே 21, கட்டைகளுக்கு நடுவே 3.7, வெளியே 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் 0.88 என்றால் பலகை -4 டிகிரியில் நிற்கும். நுரை 75 மி.மீ. (2.64) என்றால் +3 டிகிரி. வீட்டில் 30 சதவீத ஈரம் இருந்தால் பனிநிலையும் 3, அப்போதுதான் தப்பிக்கிறோம். அமெரிக்க வீட்டு விதிகள் 140 மி.மீ. சட்டகத்துக்கு, உள்ளே பெயின்ட் மட்டுமே நீராவித் தடுப்பாக இருந்தால், ஐந்தாம் தட்பவெப்ப மண்டலத்தில் (எண் கூடக் கூடக் குளிர் கூடும்) வெளித் தடை ஆர்-7.5, ஆறாவதில் ஆர்-11.25, ஏழாவதில் ஆர்-15 கேட்கின்றன; ஆர் என்பது அதே வெப்பத்தடை, அமெரிக்க அலகில். உள்ளே ஆர்-20 வைத்தால் மொத்தத்தில் முறையே 27, 36, 43 சதவீதம் வெளியே. பாலியைஸோ என்ற வகை நுரைப்பலகையின் தடை கடுங்குளிரில் குறையும், கணக்கில் அதற்கு இடம் விடுங்கள்.

மெல்லிய நுரை ஏற்கெனவே அடித்துவிட்டால்? அதன் மேல் இன்னொரு அடுக்கு கூட்டுவது முதல் வழி, பொருத்துகளை ஒன்றன் மேல் ஒன்று வராமல் மாற்றி வைத்து. அது முடியாவிட்டால் உட்புறக் காற்றோட்டைகளை அடைத்து, வீட்டு ஈரத்தைக் குறைப்பது. ராக்வூல் போர்டுக்கு இந்தச் சதவீதக் கவலை குறைவு. நீராவி அதன் வழியே வெளியே போய்விடும்.

300 மி.மீ. இரட்டைச் சட்டகச் சுவரில், வடக்குப் பக்கப் பலகை ஈரம்

1977இல் கனடாவின் ரெஜைனா நகரில் கட்டிய சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் இத்தகைய தடித்த சுவரோடுதான் நின்றது. 12 அங்குலச் சுவர், ஆர்-40. குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடு என்று அது பேர் வாங்கியதற்கு அதன் காற்றிறுக்கமும் பெரிய காரணம். பின்னால் தடிமனை மட்டும் பார்த்துக் கட்டியவர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு தடித்த சுவரில் பலகை ஏறக்குறைய வெளிக்காற்றின் வெப்பநிலையிலேயே நிற்கும். குளிர்கால முடிவில் வடக்குப் பக்கம் 20 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டி, வெயில் ஏறியதும் இறங்கிவிட்டால் பதற வேண்டாம். செல்லுலோஸ் ஈரத்தை வாங்கி வைத்துப் பிறகு விடும். கோடை நடுவிலும் இறங்காவிட்டால் காற்றோட்டை அல்லது மழை. புதிதாகக் கட்டினால் ஓஎஸ்பிக்குப் பதிலாக நீராவி விடும் மரநார்ப் பலகை போடுங்கள். ஓஎஸ்பிதான் வேண்டும் என்றால் அதை உள்ளும் வெளியுமாக நிற்கும் இரண்டு கட்டை வரிசைகளுக்கும் நடுவே காற்றுத் தடுப்பாக நிறுத்துங்கள். காற்றிடைவெளி எப்படியும் வேண்டும்.

புது வீடு, முதல் குளிர், எல்லா ஜன்னலிலும் நீர்

இதற்குச் சுவரைப் பிரிக்க வேண்டாம். கான்கிரீட், ஜிப்சம் பூச்சு, பச்சை மரம் எல்லாம் காய்கின்றன. கட்டும்போது புரொப்பேன் ஹீட்டர் ஓட்டியிருந்தால், எரிந்த ஒவ்வொரு கிலோவும் 1.6 கிலோ நீரை வீட்டுக்குள் விட்டிருக்கிறது. காற்றோட்டத்தைக் கூட்டி ஒரு குளிர்காலம் பொறுங்கள். ஆனால் இன்னும் போர்டு அடிக்காத வீடாக இருந்தால், கட்டைகளின் அடிப்பகுதியிலும் அடிக்கட்டையிலும் ஈரமானியைக் குத்தி, 16 சதவீதத்துக்கு இறங்கும் வரை மூடாதீர்கள். அடிக்கட்டைதான் கடைசியில் காயும். கட்டையின் நடுவில் மட்டும் குத்திப் பார்த்துவிட்டு மூடச் சொல்பவரிடம் அங்கேயும் ஒருமுறை குத்தச் சொல்லுங்கள்.